பெய்ஜிங் பயணம் நடத்துபவர்களுக்கு: கோடை அரண்மனைக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நம் ஊர்களிலிருந்து சீனாவுக்குக் குழுப் பயணம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

2020-ல் நின்றுபோன இந்தியா-சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கின. கூடவே உங்கள் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் "இது சரியா இருக்குமா, பாத்துச் சொல்லு" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் பயண அட்டவணைகளை அனுப்புகிறார்கள். பெய்ஜிங் பகுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் பெருஞ்சுவர், வழியில் ஜேட் கல் விற்பனைக்கூடம், மதிய உணவு, கோடைக்கால அரண்மனை, முத்துக் கடை, இரவு சர்க்கஸ். பெருஞ்சுவரிலிருந்து நகருக்குத் திரும்பும் வழிக்குப் பக்கத்தில் இருப்பதால் அரண்மனையை அதே நாளில் செருகிவிடுகிறீர்கள். அதற்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங்குக்கு நீங்கள் ஒதுக்கும் நாட்களில் ஒரு முழுப் பகலை யிஹேயுவான் என்று சீனர்கள் அழைக்கும் இந்தக் கோடை அரண்மனைக்கும் அதன் பூங்காவுக்கும் கொடுங்கள். அது முடியவே முடியாது என்றால் காலை ஏழு மணி முதல் மதியம் ஒரு மணி வரையாவது கொடுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் வேலை பார்ப்பது ஹாய்டியன் பகுதியில். அரண்மனையும் இதே பகுதியில்தான் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அங்கே நடக்கப் போவது வழக்கம், அதனால் நம் குழுக்களை அடிக்கடி பார்க்கிறேன். நாலு மணிக்கு மேல் கிழக்கு வாசலில் பேருந்து வந்து நிற்கும். கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் முப்பது பேர். தர்பார் மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் வெண்கல விலங்கோடு ஒரு படம், ஏரிக்கரையில் ஒரு படம், நெடுந்தாழ்வாரத்தில் பாதி தூரம் வேகநடை, பளிங்குப் படகோடு ஒரு படம், அப்புறம் வாசலை நோக்கி ஓட்டம். ஒருநாள் தாழ்வாரத்து ஓரப் பலகையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பருத்திப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மலை மேல் தெரிந்த மாடத்தைக் காட்டி, "அது கோயிலா தம்பி? ஏறிப் பாக்கலாமா?" என்று குழுவோடு வந்த இளைஞரிடம் கேட்டார். "டைம் இல்லைம்மா, ஆறு மணிக்கு முத்துக் கடை" என்றார் அவர். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த அட்டவணையைத்தான் அவர் படித்தார். அந்த அம்மா எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெய்ஜிங் வரை வந்த ஒருவர், ஏற ஆசைப்பட்ட படிகளை ஏறாமலே திரும்பினார். அட்டவணை போட்டவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த இடம் முதலில் ஒரு ஏரி. அரண்மனை அப்புறம்தான். ஏறத்தாழ 290 ஹெக்டேர் பரப்பில் முக்கால் பங்கு தண்ணீர். 1290-களில், யுவான் வம்சத்தின் நீர்ப்பொறியாளர் குவோ ஷோஜிங் வடக்கே மலையடிவாரத்து ஊற்றுகளின் நீரைக் கால்வாய் வெட்டி இந்த ஏரியில் சேர்த்தார், இங்கிருந்து நகருக்குள் கொண்டுபோனார். தெற்கிலிருந்து தானியம் ஏற்றிவந்த படகுகள் தலைநகருக்குள்ளேயே வந்து நிற்க அந்தத் தண்ணீர்தான் வழி செய்தது. 1750-ல் சிங் வம்சத்துச் சியான்லாங் பேரரசர் ஏரியைப் பல மடங்கு அகலப்படுத்தினார். தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்குக் கோயிலும் பூங்காவும் கட்டுவது ஒரு காரணம், நகருக்கு நீர் தேக்குவது இன்னொரு காரணம். நம் ஊரில் தூர்வாரிய மண்ணை ஏரிக்கரையிலேயே போடுவது மாதிரி, வெட்டிய மண்ணை வடக்கே இருந்த குன்றின் மேல் போட்டு அதன் வடிவத்தைத் திருத்தினார்கள். அறுபது மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றுக்கு நீண்ட ஆயுளைக் குறிக்கும் வான்ஷோ மலை என்று பெயர் வைத்தார்கள். ஏரிக்குக் குன்மிங் ஏரி என்று பெயர். ஹான் வம்சத்துப் பேரரசர் ஒருவர் கடற்படைப் பயிற்சிக்காகத் தன் தலைநகரில் வெட்டிய ஏரியின் பெயர் அது.

கிழக்குக் கரையில் ஒரு வெண்கலக் காளை இருக்கிறது. 1755-ல் வார்த்தது. கால்களை மடக்கிப் படுத்து, தலையைத் தூக்கி, காதுகளை விறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கும். அதன் முதுகில் பழைய முத்திரை எழுத்தில் எண்பது எழுத்துகள் கொண்ட கல்வெட்டு மாதிரியான பாட்டு ஒன்று பொறித்திருக்கிறது. வெள்ளத்தை அடக்கக் காளை வைப்பது சீனாவின் மிகப் பழைய நம்பிக்கை. இந்தக் காளையைக் கிழக்குக் கரையில் வைத்ததற்குக் காரணம் உண்டு: நகரம் ஏரியைவிடத் தாழ்வாகக் கிழக்குப் பக்கம் இருக்கிறது. கரை உடைந்தால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் பாயும். ஏரிப் பாசனத்தை அறிந்த நம் மக்களுக்கு இதை நின்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் சித்தப்பா மற்ற எதற்கும் பெரிதாக வாய் திறக்காதவர், இந்தக் கரையில் நின்றுகொண்டு மதகு எங்கே, உபரி நீர் எங்கே போகிறது, ஏரி கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். (1990-91 குளிர்காலத்தில் பெரிய அளவில் தூர்வாரினார்கள்.) உங்கள் குழுக்கள் இந்தக் காளை வரைக்கும் வருவதே இல்லை.

காளைக்குப் பக்கத்திலேயே பதினேழு கண் பாலம். 150 மீட்டர் நீளம், கைப்பிடித் தூண்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல் சிங்கங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. குளிர்காலத்தில், பகல் மிகக் குறுகும் நாட்களை ஒட்டி, மாலைச் சூரியன் தாழ்ந்து பாலத்தின் கண்களுக்குள் நுழைந்து அத்தனை வளைவுகளின் உட்பக்கத்தையும் பொன்னிறமாக்கும். அந்தச் சில நாட்களில் பெய்ஜிங்கின் புகைப்படக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். டிசம்பரில் குழு கொண்டுவந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பாலத்தின் கரைப்பக்க முனையில் எட்டு மூலையுள்ள பெரிய மண்டபம் ஒன்று உண்டு, பெயர் குவோரூ. அதன் உத்தரங்களுக்கு இடையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை உழவாரன் குருவிகள் கூடு கட்டும். தலைக்கு மேல் கிறீச்சென்று கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறக்கும். இந்த மண்டபத்துக் குருவிகளைப் பிடித்து, 2014-ல் அவற்றின் முதுகில் ஒரு கிராம் எடைகூட இல்லாத கருவிகளைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்த பறவைகளிடமிருந்து கருவிகளைக் கழற்றிப் பார்த்தபோது, மங்கோலியா, மத்திய ஆசியா, அரேபியா வழியாக ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை போய்வந்திருந்தது தெரிந்தது. பேரரசர்கள் கட்டிய மண்டபத்தில் இன்று குடியிருப்பவர்கள் இவர்கள்தான். மே மாதம் பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காட்சி பெய்ஜிங்கில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. டிக்கெட்டும் தனியாக வேண்டாம், தலையை நிமிர்த்தினால் போதும்.

பூங்கா என்ற முறையில் இந்த இடத்தின் சிறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கண்ணுக்கு எல்லை தெரியாதபடி கட்டியிருப்பதில் என்பேன். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். தண்ணீர், அதைத் தாண்டி வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும் மேற்குக் கரை, அதற்குப் பின்னால் ஒரு குன்றின் உச்சியில் மெல்லிய கோபுரம், அதற்கும் பின்னால் நீல நிறத்தில் மலைத்தொடர். கோபுரம் நிற்கும் யூச்சுவான் குன்று பூங்காவுக்கு வெளியே, மதிலுக்கு அப்பால் இருக்கிறது. மலைத்தொடர் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி. ஆனால் எல்லாம் இந்தப் பூங்காவின் பாகமாகவே தெரியும்படி கரையின் உயரத்தையும் மரங்களின் இடத்தையும் அமைத்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் காட்சியைக் கடன் வாங்குவது என்று சீனத் தோட்டக்கலையில் இதற்கு இலக்கணமே உண்டு. 1998-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக இதை ஏற்றுக்கொண்டபோது கட்டடங்களுக்காக மட்டும் ஏற்கவில்லை, மலையையும் நீரையும் மனிதர் கட்டியதையும் இப்படி ஒன்றாக இழைத்த தோட்டக்கலைக்காகவும்தான் ஏற்றது.

அந்த மேற்குக் கரையை ஹாங்சோ நகரத்து ஏரியில் இருக்கும் புகழ்பெற்ற கரையைப் பார்த்துப் போட்டார்கள். அங்கே போலவே இங்கேயும் ஆறு பாலங்கள். அவற்றில் ஒன்று வெள்ளைக் கல்லில் ஒட்டக முதுகு போல உயர்ந்து நிற்கும். பேரரசரின் படகு யூச்சுவான் குன்றுப் பக்கம் போக அதன் அடியில் நுழையும். மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரலில் கரை நெடுக பீச் மரங்கள் பூத்து நிற்கும்போது அந்த வழியாக நடப்பது ஒரு சுகம். கரையைச் சுற்றி முழுதாக நடக்க நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் குழுவில் எல்லோராலும் முடியாது என்பது தெரியும். முடிந்தவர்களுக்கு நேரம் விட்டுவைத்தால் அவர்களே போய்வருவார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை எந்த வழிகாட்டியும் நம்மவர்களுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்குக்கு வந்தன. இரண்டாம் அபினிப் போரின் கடைசிக் கட்டம். அந்த அபினி விளைந்தது நம் இந்தியாவில், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய வணிகத்தில். சமாதானப் பேச்சுக்குப் போனவர்களையும் அவர்களோடு போன காவல் வீரர்களையும் சீனத் தரப்பு சிறைபிடித்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சித்திரவதையில் இறந்தார்கள், இறந்தவர்களில் இந்தியக் குதிரைப்படை வீரர்களும் உண்டு. அதற்குப் பழிவாங்க, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பேரரசரின் தோட்ட அரண்மனைகளைக் கொளுத்த உத்தரவிட்டார். அக்டோபர் 18-ம் தேதி தீ வைத்தார்கள். பக்கத்திலிருந்த மிகப் பெரிய யுவான்மிங்யுவான் எரிந்தது, அதோடு அப்போது சிங்யியுவான் என்ற பெயரில் இருந்த இந்தப் பூங்காவும் எரிந்தது. அதே எல்ஜின் 1862-ல் இந்தியாவின் வைஸ்ராயாக வந்தார், அடுத்த ஆண்டே தர்மசாலாவில் இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. தர்மசாலாவுக்கும் நீங்கள் குழு அழைத்துப் போகிறீர்கள்.

பெய்ஜிங் மீது படையெடுத்து வந்த சேனையில் சீக்கியர்களும் பஞ்சாபிகளும் இருந்தது ஓரளவு பலருக்குத் தெரியும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் இருந்தது. இன்று பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் இருக்கும், ராணுவத்தில் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் அதே பிரிவு. 1860-ம் ஆண்டின் பெய்ஜிங் போருக்கான விருது அவர்களுடைய போர்க் கௌரவப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் பாலம் போடவும் பாதை வெட்டவும் கோட்டைச் சுவரை உடைக்கவும் வெள்ளைக்காரச் சம்பளத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். இதை வெட்கத்தோடு சொல்ல வேண்டுமா, துக்கத்தோடு சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சொல்லாமல் விடக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சீனர்கள் தங்கள் பள்ளிப் பிள்ளைகளை இங்கே அழைத்துவந்து 1860-ஐப் பற்றிச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் நம் குழுவுக்கு, தன் பாட்டன் காலத்து ஆள் ஒருவன் அந்தப் படையில் வந்தான் என்பது தெரியாமல் போவது சரியில்லை.

இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் பார்ப்பதே மாறிவிடும். அன்றைய தீயில் மரம் எரிந்தது. கல்லும் வெண்கலமும் மெருகிட்ட ஓடும் தப்பித்தன. எனவே மலையில் வெண்கலத்தாலேயே வார்த்த சின்ன மண்டபத்தைப் பார்த்தால் அது சியான்லாங் காலத்தது. ஓலைச் சுவடி மாதிரி மெல்லிய கட்டங்கள் போட்ட அதன் பத்து ஜன்னல்கள் திருட்டுப்போய், கடல் தாண்டி, 1993-ல்தான் திரும்பி வந்தன. உச்சியில் மஞ்சள், பச்சை ஓடுகளால் கட்டி வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன புத்தர்களைப் பதித்த கட்டடமும் பழையது. கீழ் வரிசையில் கை எட்டும் உயரத்தில் இருக்கும் புத்தர்களுக்குத் தலை இல்லை, பிற்கால வன்முறைகளில் உடைத்துவிட்டார்கள். பாலமும் காளையும் பழையவை. மரத்தால் ஆன மற்றதில் பெரும்பகுதி, அந்த அம்மா ஏற ஆசைப்பட்ட 41 மீட்டர் உயர மாடம் உட்பட, பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்த பேரரசி சிஷி காலத்தில் திரும்பக் கட்டியது. அந்த மாடத்துக்குள் 1574-ல் வார்த்த, ஐந்து மீட்டர் உயரமுள்ள பல கைகள் கொண்ட வெண்கல அவலோகிதர், பௌத்தர்கள் வணங்கும் கருணை வடிவம், நிற்கிறார். ஆக, அந்த அம்மா கேட்டது சரிதான், அது கோயில்தான்.

சிஷியின் கதையை வழிகாட்டிகள் சொல்கிறார்கள், ஆனால் பாதியைச் சொல்கிறார்கள். "கடற்படைப் பணத்தை எடுத்துப் பளிங்கில் கப்பல் கட்டிய ராணி" என்று படகுக்கு முன்னால் நின்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 36 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல் அடித்தளம் 1755-ல் சியான்லாங் போட்டது. தண்ணீர் படகைத் தாங்கவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும், மக்களும் அப்படித்தான் என்று பழைய அமைச்சர் ஒருவர் தன் பேரரசருக்குச் சொன்ன எச்சரிக்கையை மனதில் வைத்து, கவிழாத படகாக அதைக் கட்டினார்கள். மேல்தளம் 1860-ல் எரிந்த பிறகு, 1893-ல் மேற்கத்திய நீராவிப் படகு பாணியில், இரு பக்கமும் கல் சக்கரம் வைத்து சிஷி காலத்தில் திரும்பக் கட்டினார்கள். மேலே பளிங்கு போலத் தெரிவது வண்ணம் பூசிய மரம்.

பணம் கடற்படையிலிருந்து வந்தது உண்மை. 1886-ல் கடற்படை அலுவலகத்தின் தலைவராக இருந்த இளவரசர் சுன், குன்மிங் ஏரியில் பழையபடி கடற்படைப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று மனு எழுதினார். அந்தப் பயிற்சியின் பெயரில் ஏரியைச் சுற்றிக் கட்டட வேலை ஆரம்பித்தது. 1888-ல் யிஹேயுவான் என்ற புதுப் பெயர் வந்தது. 1894-ல் சிஷியின் அறுபதாம் பிறந்தநாளுக்கு எல்லாம் தயாரான அதே ஆண்டில் ஜப்பானோடு போர் மூண்டு, செப்டம்பரில் யாலூ ஆற்று முகத்தில் சீனக் கடற்படை நொறுங்கியது. 1900-ல் எட்டு நாட்டுப் படைகள் வந்து இந்த இடத்தை மறுபடி சூறையாடின. 1902-ல் மறுபடி பழுதுபார்த்தார்கள்.

ஏரிக்கரையிலேயே, பேருந்துக் குழுக்கள் கடந்துபோகும் பாதையிலிருந்து சில அடி தூரத்தில், யூலான் என்ற வீடு இருக்கிறது. குவாங்சு பேரரசர் இங்கே வரும்போது தங்கிய இடம். இளவரசர் சுன்னின் மகன் அவர். 1898-ல் நூறு நாட்கள் சீர்திருத்தம் செய்து பார்த்தார். பள்ளிகள், தேர்வு முறை, நிர்வாகம் எல்லாவற்றையும் மாற்ற உத்தரவு மேல் உத்தரவு போட்டார். பெரியம்மாவான சிஷி செப்டம்பரில் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவரைக் காவலில் வைத்தார். அரசவை இந்த அரண்மனைக்கு வரும்போதெல்லாம் அவரை இந்த வீட்டில் அடைத்தார்கள். பக்கத்து அறைகளின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் சுவர். மெழுகாத, வண்ணம் தீட்டாத, அவசரத்துக்கு எழுப்பிய சாம்பல் நிறச் செங்கல். அந்தச் சுவரை இடிக்காமல் இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஒவ்வோர் உத்தரத்திலும் பூவும் மேகமும் தீட்டியிருக்கும் இடத்தில் அந்த வெறும் செங்கல் ஏற்படுத்தும் அதிர்ச்சியை நேரில்தான் உணர முடியும். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்கூட உங்கள் அட்டவணையில் இல்லை.

நெடுந்தாழ்வாரத்தில் நடப்பவர்களைக் கொஞ்சம் மேலே பார்க்கச் சொல்லுங்கள். 728 மீட்டர், 273 கட்டங்கள், உத்தரங்களில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள். அவற்றில் குரங்கு வீரனோடு ஒரு துறவி வருவார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த யுவான் சுவாங்தான் அவர், ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தவர். அவருடைய இந்தியப் பயணத்தைச் சுற்றிச் சீனர்கள் பின்னிய கதையின் காட்சிகள் அவை. மலையின் பின்பக்கம் திபெத்திய முறையில் ஒரு கோயில் தொகுதி உண்டு. மேரு மலையைச் சுற்றியிருக்கும் நான்கு பெருந்தீவுகளை நான்கு கட்டடங்களாகக் கட்டியிருக்கிறார்கள், அவற்றில் ஒன்று நாவலந்தீவு, பழைய நூல்களில் நம் நாடு இருக்கும் தீவு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் காஞ்சியைப் பார்த்தவரின் படத்துக்குக் கீழே, தெரியாமலே, வேகமாக நடந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் தொழிலில் இருக்கும் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. கடை நிறுத்தங்களில் வரும் கமிஷனை வைத்துத்தான் பயணக் கட்டணத்தைக் குறைவாகக் காட்ட முடிகிறது என்பார்கள். ஆனால் குறிப்பிட்ட கடைகளுக்குக் கட்டாயமாக அழைத்துப்போவதை 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனாவின் சுற்றுலாச் சட்டமே தடுக்கிறது. கட்டணத்தை நேர்மையாகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். ஆயுளில் ஒரு தடவை சீனா பார்க்க லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்கும் குடும்பம், காரணத்தைச் சொன்னால் அதையும் கொடுக்கும். ஜேட் கடையையும் முத்துக் கடையையும் எடுத்துவிட்டாலே மூன்று மணி நேரம் கையில் வந்துவிடும்.

நடக்க முடிந்தவர்களை வடக்கு வாசல் வழியாக உள்ளே விடுங்கள். நான்காம் எண் மெட்ரோவின் பெய்கோங்மென் நிலையம் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் வருவது, அரண்மனைக்காரர்கள் கடைத்தெரு விளையாட்டு விளையாடிய சூசோ வீதி. 1860-ல் எரிந்து 1990-ல் திரும்பக் கட்டியது, அதில் அதிக நேரம் வேண்டாம். பைன் மரங்களுக்கு நடுவே பின்பக்கமாக மலை ஏறினால் கூட்டம் குறைவு. உச்சியைத் தாண்டியதும் ஏரி முழுவதும் ஒரே நேரத்தில் கண்முன் விரியும். அந்த இடத்தில் பேச்சு வராது. முன்பக்கம் இறங்கினால் மாடம், தாழ்வாரம், ஏரிக்கரை. முழங்கால் வலி உள்ளவர்களையும் குழந்தைகளையும் கிழக்கு வாசலில் இறக்குங்கள். யூலான் வீடு, சிஷி வாழ்ந்த வீடு, மூன்றடுக்கு நாடக மேடை, தாழ்வாரம் எல்லாம் சமதரையில்தான். மேடையில் பேய்களும் தேவர்களும் மேலிருந்து இறங்கவும் கீழிருந்து எழவும் தளங்களில் திறப்பு வைத்திருக்கிறார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை ரசிப்பார்கள். பிறகு படகில் ஏற்றித் தீவில் இறக்கினால், பதினேழு கண் பாலத்தைக் கடந்து குருவி மண்டபம், காளை, அப்படியே பக்கத்து வாசலில் பேருந்து. இரண்டு அணியும் பாலத்தில் சந்தித்துக்கொள்ளலாம்.

காலையிலேயே போகச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. ஏழு மணிக்கு அங்கே இருப்பவர்கள் உள்ளூர்ப் பெரியவர்கள். ஒருவர் நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தளத்தில் கவிதை எழுதுவார், கடைசி வரி முடிவதற்குள் முதல் வரி காய்ந்துவிடும். தாழ்வாரத்தின் ஒரு மூலையில் நாலைந்து பேர் இரண்டு நரம்பு வாத்தியத்தோடு நாடகப் பாட்டுப் பாடுவார்கள். நம் அம்மாக்கள் பக்கத்தில் போய் நின்றால் நகர்ந்து இடம் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். 1924 முதல் இது பொதுப் பூங்கா, அவர்களுடைய அன்றாட இடம். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கியதும் இந்தக் காட்சி கலைந்துவிடும்.

அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, அந்த நாட்களில் தயவுசெய்து யாரையும் கொண்டுவராதீர்கள். தீபாவளி விடுமுறைக் குழுக்களுக்குப் பிரச்சினை இல்லை, அப்போது கூட்டம் வடிந்து, மேற்கு மலைகளில் இலை சிவந்திருக்கும். நுழைவுச் சீட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மாடமும் நாடக மேடையும் சேர்ந்த கூட்டுச் சீட்டை வாங்குங்கள். வெறும் நுழைவுச் சீட்டோடு வந்து மாடத்தின் அடியில் தடுத்து நிறுத்தப்பட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். ஹோட்டலில் சொல்லி எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக் கொடுத்தால் ஏரிக்கரைப் பலகையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அப்புறம், இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு அச்சிட்டுப் பேருந்தில் கொடுங்கள். 1860-ம், மெட்ராஸ் சாப்பர்ஸும், குவாங்சுவின் செங்கல் சுவரும் அதில் இருக்கட்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன், உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடைக்கான அட்டவணையை நீங்கள் இப்போதே தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். அச்சுக்குப் போகும் முன் பெருஞ்சுவரையும் அரண்மனையையும் சேர்த்துப் போட்ட அந்த நாளை மட்டும் பிரித்து எழுதுங்கள்: பெருஞ்சுவர் ஒரு நாள், கோடை அரண்மனை ஒரு நாள்.

அன்புடன்,
பெய்ஜிங்கில் வாழும் ஒரு தமிழர்